வெத்திலைவள்ளியும் நாலு அங்குலக் குழாயும்

முதல் கிழங்கை மூன்று துண்டாக உடைத்துத்தான் வெளியே எடுத்தேன். அதற்கு நாலு மணி நேரம் ஆனது. கடப்பாரையைப் பிடித்த இடத்தில் இரண்டு கையிலும் கொப்புளம். எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு கையோடு வந்தபோது, "நேரா மேல இருந்து குத்துனா உடையத்தான் செய்யும்" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாட்டி?"

"நீ கேக்கலையே தம்பி."

இது நடந்தது 2022 தை மாதம். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் பக்கம், கீழ்ப்பழனி மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் உண்டு. எலுமிச்சை, இலவம், நாலு பலா, மேலே கொஞ்சம் காப்பி. பாட்டி பளியர், இந்த மலைப் பழங்குடி. அப்பா காலத்திலிருந்தே காப்பிப் பழம் பறிக்க வந்து போகிறவர். அவர் வீட்டில் வேகவைத்த கிழங்கு ஒரு துண்டைச் சின்ன வயதில் தின்ற ஞாபகம் எனக்கு அழியவே இல்லை. சர்க்கரைவள்ளியின் இனிப்போ மரவள்ளியின் நாரோ அதில் இல்லை. மாவாக உதிர்ந்து, லேசாகப் பால் வாசனை அடிக்கும். அதை வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். மூன்று வருடம் பாடுபட்டதன் கணக்கை எழுதி வைக்கிறேன். இதே கிறுக்கு வேறு யாருக்காவது இருந்தால் உதவும்.

முதலில் பெயர்க் குழப்பம். சமவெளியில் வள்ளிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி அல்லது மரவள்ளி. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நம் மலைக்கொடியின் பெயரை வாங்கிக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. உண்மையான வள்ளி என்பது டயாஸ்கோரியா பேரினம். அதில் பாட்டி வெத்திலைவள்ளி என்று சொல்வது, தாவரவியலில் டயாஸ்கோரியா ஆப்போசிட்டிஃபோலியா. இலை வெற்றிலை மாதிரி தடிப்பாக, எதிரெதிராக இருக்கும். இதே பெயரை வேறு ஊரில் வேறு கிழங்குக்குச் சொல்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பி யாரும் எதையும் தோண்டி வாயில் போட வேண்டாம். இதைப் பின்னால் இன்னும் அழுத்திச் சொல்வேன், காரணம் இருக்கிறது.

இன்னொன்று. நான் தோண்டியது எங்கள் நிலத்து ஓரத்தில். காட்டுக்குள் போய்த் தோண்டும் உரிமை எனக்குக் கிடையாது. பாட்டிக்கு உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்று சொல்லும் பட்டியலில் தேன், மூங்கிலோடு வேரும் கிழங்கும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

சரி, தோண்டும் விஷயத்துக்கு வருகிறேன். தையில் கிழங்கு முற்றி மாவு கட்டியிருக்கும். ஆனால் அப்போது கொடி காய்ந்து, பாதி உதிர்ந்து, எது எந்தக் கொடி என்றே தெரியாது. கொடி பச்சையாக ஓடும் ஆவணி, புரட்டாசியில் தோண்டினால் அடையாளம் சுலபம், கிழங்குதான் நீர்த்துப்போய் சவசவ என்றிருக்கும். அதனால் கார்த்திகையிலேயே, இலை பழுக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி பக்கத்துச் செடியில் ஒரு நாரை முடிந்துவிட்டுப் போவார். நான் சிவப்பு ரிப்பன் கட்டினேன். யார் வீட்டு ஆடோ மூன்றில் இரண்டைத் தின்றுவிட்டது.

எனக்குப் புரியவே நேரம் எடுத்தது கிழங்கின் வடிவம். தரை மட்டத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு கழுத்து. அது ஒன்றரை, இரண்டு அடிக்கு மெலிதாகவே இறங்கும். அதற்குக் கீழேதான் உலக்கை மாதிரி பருத்துக்கொண்டே போகும். அதாவது, பாதி ஆழம் வரை நாம் தோண்டிப் பார்ப்பது வெறும் காம்பு. "இவ்வளவுதானா" என்று அலுத்து, கடப்பாரையை ஓங்கிக் குத்தும் இடத்தில்தான் கிழங்கு ஆரம்பிக்கிறது. நான் அப்படித்தான் உடைத்தேன்.

அடுத்த கொடியைப் பாட்டி தோண்டினார். இந்த முறை கேள்வி கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அவரிடம் இருந்தது ஒரு மரக்கம்பு, நுனியில் இரும்புப் பூண், அவ்வளவுதான். சரிவில் கொடிக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு முழம் தள்ளி ஆரம்பித்தார். அங்கிருந்து குடைந்தபடி கிழங்கை நோக்கிப் பக்கவாட்டில் போனார். மண்ணைக் கம்பால் பிளந்து, சிரட்டையால் அள்ளி, சரிவில் கீழே தள்ளிவிட்டால் போதும், குழிக்குள் திரும்ப விழாது. கிழங்கின் ஒரு பக்கம் மட்டும் சுவரில் பதித்த குழாய் மாதிரி முழு நீளத்துக்கும் தெரிந்த பிறகுதான் கையால் தொட்டார். பின்பக்க மண்ணை விரலால் நெம்பி, அப்படியே சாய்த்து எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு கீறல் கிடையாது. வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், ஒரு கிலோ நானூறு கிராம்.

குழி என் இடுப்புக்கு மேல் இருந்தது. உள்ளே இறங்கி நின்றபோது வள்ளி ஞாபகம் வந்தாள். வேடர்கள் கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தை, அதனால் வள்ளி என்று பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்ன வயதில் கேட்கும்போது, கிழங்குக் குழியில் ஒரு குழந்தை எப்படிக் கிடக்கும் என்று சந்தேகமாக இருக்கும். சர்க்கரைவள்ளிக் குழியை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் அப்படித்தான். இந்தக் குழியில் தொட்டிலே கட்டலாம்.

கிழங்கை எடுத்த பிறகு பாட்டி செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கழுத்தோடு சேர்த்து மேல் பகுதியில் அரை சாண் நீளத்தை முறித்தார், காய்ந்த கொடி அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி. மேல்மண்ணையும் சருகையும் குழிக்குள் கலந்து தள்ளி, முக்கால்வாசி நிறைந்ததும் அந்தத் தலையை நட்டார். மேலே இன்னும் கொஞ்சம் சருகு. மிதிக்கவில்லை. "ரெண்டு வருசம் கழிச்சு வந்தா இருக்கும்" என்றார். இறுகிக் கிடந்த மண் இப்போது நாலடிக்குப் பொலபொலவென்று இருக்கிறது, அடுத்த கிழங்கு இறங்க வழி தயார். காட்டில் தானாக முளைக்கிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதில் எத்தனை கொடி இப்படி யாரோ தலை வைத்துவிட்டுப் போனதோ.

நான் உடைத்த கிழங்கின் குழியை நான் மூடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் மூடினேன்.

பளியர் பற்றி 1960-களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் எழுதியவற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளை இடுவதை அவர்கள் விரும்புவதில்லை, அவரவர் காரியம் அவரவர் முடிவு. முதல் நாள் நாலு மணி நேரம் பாட்டி வாயே திறக்காததை நான் கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. (கிண்டலும் கொஞ்சம் இருந்தது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.)

சமையல். வீட்டுக்கு வந்ததும் உருளைக்கிழங்கு மாதிரி பச்சையாகத் தோல் சீவ ஆரம்பித்தேன். வழுவழுவென்று ஒரு பசை கையெல்லாம் இறங்கியது. பத்தாவது நிமிடம் மணிக்கட்டு வரை அரிப்பு. ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம், சேனை, சேம்பில் இருக்கும் அதே சமாச்சாரம். புளித்தண்ணீரில் கையை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி உட்கார்ந்திருந்தேன். தோலோடு வேகவைத்து, ஆறிய பிறகு உரித்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே அவசரத்தில் குக்கரில் நாலு விசில் விட்டேன். திறந்தால் வெள்ளைக் கூழ். அதில் வெங்காயம் தாளித்துப் போட்டுச் சமாளித்தேன், வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

மிச்சத்தை மறுநாள் பாட்டி வீட்டு முறையில் செய்தேன். மேல்வேர்களைச் சுரண்டி, மண் போகக் கழுவி, கைப்பிடி நீளத்துக்கு வெட்டி, திறந்த பாத்திரத்தில் முங்கத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம். குச்சி குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். கடைசியில்தான் உப்பு. தொட்டுக்கொள்ளச் சீனிமிளகாயும் உப்பும் வைத்து நசுக்கியது, கூட வரக்காப்பி. நீண்ட துண்டு ஒன்றை மட்டும் தணலில் புதைத்துச் சுட்டோம். தோல் கரியாகி வெடித்து, உள்ளே வெந்த மாவு ஆவி பறந்தது. வேகவைத்ததைவிடச் சுட்டதுதான் என் கட்சி. தேன் தொட்டுத் தின்பது அதற்கும் ஒரு படி மேல்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அதே மாதம், பாதையோரத்தில் வேறொரு கொடியைப் பார்த்தேன். இலைக் கணுவில் சின்ன உருளைக்கிழங்கு போலப் பழுப்பாக, சொரசொரவென்று காய்கள். டயாஸ்கோரியா பல்பிஃபெரா. அவை காய் இல்லை, ஆகாயத்தில் தொங்கும் கிழங்கு என்றே சொல்லலாம். இதிலேயே நாட்டில் பயிராகும் ரகங்களை மக்கள் சமைத்துத் தின்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் வினை. நாலு காயை வேகவைத்து ஒன்றைக் கடித்தேன். வேப்பிலை கெட்டது. உடனே துப்பியும் ராத்திரி வரைக்கும் நாக்கின் அடியில் கசப்பு. காட்டு ரகத்தில் இருக்கும் டயோஸ்பல்பின் என்ற பொருள் ஈரலைக் கெடுக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பாட்டியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அதையும் அந்தக் காலத்தில் தின்றிருக்கிறார்களாம். மெலிதாகச் சீவி, சாம்பல் போட்டு வேகவைத்து, கூடையில் கட்டி ஓடைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஒரு பகல் போட்டு, மறுபடி வேகவைத்து. "அரிசி இல்லாத காலத்துல செஞ்சது தம்பி. இப்ப யாரு மெனக்கெடுவா?" 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். ஒரு பானைக் கசப்பை இறக்க இரண்டு நாள் விறகு எரிக்க யாருக்கும் அவசியம் இல்லை, அது நல்லதுதான். ஆனால் அந்தக் கைப்பழக்கம் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? அரைக் கிலோ காயை மூன்று மில்லிமீட்டர் தகடாகச் சீவி, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, வாளியில் போட்டுக் குழாயை மெல்லத் திறந்துவிட்டு இரண்டு ராத்திரி விட்டேன். மறுபடி வேகவைத்து நுனி நாக்கில் வைத்தேன். கசப்பு குறைந்திருந்தது, போகவில்லை. கசப்பு போனால் நஞ்சும் முழுதாகப் போய்விட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டினேன். நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதைவிட மோசமான உறவுக்காரன் ஒருவன் உண்டு. டயாஸ்கோரியா ஹிஸ்பிடா. ஒரு காம்பில் மூன்று இலை, தண்டில் முள். அதில் இருக்கும் டயாஸ்கொரின் நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். ஒடிசாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அதைச் சீவி நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தித் தின்னும் மக்கள் இருக்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. டயாஸ்கோரியா பென்டாஃபில்லா என்ற நல்ல கிழங்கிலும் ஐந்து இலையோடு சில காம்பில் மூன்றே இலை வரும், அதற்கும் முள் உண்டு. என்னைப் போலப் புத்தகம் பார்த்துப் போகிறவன் இரண்டையும் மாற்றி எடுக்க வாய்ப்பு தாராளம். அதனால் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் வெத்திலைவள்ளியைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இனி வளர்த்த கதை.

முதல் வருடம், சாக்கு. பாட்டி கொடுத்த இரண்டு தலைகளை வெட்டுவாயில் சாம்பல் தடவி இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். வத்தலக்குண்டு வீட்டு மொட்டைமாடியில் இரண்டு சிமெண்ட் சாக்கில் செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி நட்டேன். மாசியில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். பங்குனி முடிவில் ஒன்றைக் கிளறிப் பார்த்தால் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. தவறு தண்ணீர்தான். அந்த மாதங்களில் அது தூங்குகிறது, தூங்குவதற்குத் தண்ணீர் எதற்கு? மற்றதை அன்றோடு விட்டுவிட்டேன். கோடை மழை இரண்டு பெய்து, வைகாசியில் அதுவாகவே ஊதா நிறத்தில் ஒரு முளை விட்டது. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி ஓடியது. கொடி சுற்றுவது எப்போதும் வலப்பக்கம். பல்பிஃபெரா இடப்பக்கம் சுற்றும். வேண்டுமென்றே பிரித்து மறுபக்கம் சுற்றிவிட்டுப் பார்த்தேன், ஒரே நாளில் தன் வழிக்கே திரும்பிவிட்டது.

தையில் சாக்கைக் கிழித்தால் ஏமாற்றம். சாக்கின் அடிமட்டத்தைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல், குழந்தை கை மாதிரி ஐந்து விரலாகப் பிரிந்து நசுங்கிக் கிடந்தது. முந்நூற்றைம்பது கிராம். தோல் உரிப்பதற்குள் பாதி வீண்.

இரண்டாம் வருடம், 2023, நிலத்திலேயே வைத்தேன். நாலடிக் குழி எடுத்து, கல் பொறுக்கி, எரு கலந்து, மெத்தை மாதிரி மண் நிரப்பி இரண்டு தலை. கொடி அபாரமாக வந்தது. ஐப்பசியில் ஒரு ராத்திரி காட்டுப்பன்றி வந்து இரண்டையும் உழுதுவிட்டது. பத்தடி தள்ளி, பாறை இடுக்கில் பாட்டி வைத்த தலையை அது தொடக்கூட இல்லை. அத்தனை ஆழமும் அந்த மெலிந்த கழுத்தும் எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. பன்றி மூக்குக்கு எட்டாத ஆழத்தில் கிழங்கு சோற்றை வைத்திருக்கிறது, நான் மண்ணைப் பதமாக்கிப் பந்தி விரித்துவிட்டேன்.

மூன்றாம் வருடம்தான் குழாய். ஜப்பானில் ஜினென்ஜோ என்று ஒரு மலைவள்ளி இனத்தை, சாய்வாகப் புதைத்த குழாய்க்குள் நேராக வளர்த்து எடுக்கிறார்கள். சூட்சுமம் எளிது. இந்தக் கொடிக்குச் சாப்பாடு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே நாலாபக்கமும் பரவும். கிழங்கு மட்டும்தான் கீழே இறங்கும். ஆகவே வேருக்கு எரு மேலே, கிழங்குக்கு வெறும் சலித்த மண் குழாய்க்குள். சாக்கில் நான் எருவை அடிவரைக்கும் கொட்டியது வீண் வேலை.

நாலு அங்குல பிவிசி குழாயில் நாலடித் துண்டு இரண்டு. பழைய கழிவுநீர்க் குழாய்தான், புதிது வாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டேன், அறுவடையின்போது விரித்துத் திறக்க. அடியில் தண்ணீர் வடிய ஆறு ஓட்டை. சலித்த செம்மண்ணை நிரப்பினேன். தலைப்பக்கம் தரையிலிருந்து முக்கால் அடி ஆழம், கால்பக்கம் ஒன்றரை அடி ஆழம் இருக்கும்படி சாய்வாகக் கிடத்தினேன். தலையைக் குழாயின் மேல்வாய்க்கு நேராக வைக்க வேண்டும். வாய்ப்பக்கம் ஒரு சின்னத் தகரத்தைப் புனல் மாதிரி வளைத்து வைத்தேன், முதல் கிழங்கு நுனி வழி தவறாமல் இருக்க. மேலே எரு, சருகு. பன்றிக்காகக் கம்பிவலையைத் தரையோடு தரையாக விரித்துக் கல் வைத்தேன், அதன்மேல் இலந்தை முள். 2024 சித்திரையில் நட்டது. முளை வரும்வரை சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

2025 தை. முதல் குழாயை மண்ணோடு வெளியே எடுத்து அறுத்த கோட்டில் விரித்தேன். இரண்டரை அடி நீளத்தில், பென்சில் மாதிரி நேராக ஒரு கிழங்கு. தொள்ளாயிரம் கிராம். கடப்பாரை தேவைப்படவில்லை, மண்வெட்டியோடு இருபது நிமிட வேலை. இரண்டாவது குழாயில் வெறும் மண். தலைக்கு அடியில் தடவிப் பார்த்தால், கழுத்து தகரப் புனலை ஒரு விரற்கடை தவறவிட்டு, குழாயை ஒட்டியே வெளிப்பக்கமாக நேர் கீழே இறங்கியிருந்தது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ.

முதல் கிழங்கை அங்கேயே தணல் போட்டுச் சுட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். மெதுவாகத் தின்றார். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"எப்படி இருக்கு பாட்டி?"

"வெந்துருக்கு."

அப்புறம் எழுந்துபோய் இரண்டாவது குழியை எட்டிப் பார்த்தார். வெளியே தெரிந்த கழுத்தை விரலால் தொட்டுவிட்டு, என்னிடம் எதுவும் சொல்லாமல், நான் ஓரமாகக் குவித்து வைத்திருந்த மண்ணையும் சருகையும் காலால் உள்ளே தள்ள ஆரம்பித்தார். குழாயை மட்டும் உருவிக்கொண்டேன்.